பெயருக்கு முந்திய வலி

கொச்சியின் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் காலையில் நடந்தால் வயிற்றுவலி மருந்துகள் மூட்டை மூட்டையாக லாரியில் ஏறுவதைப் பார்க்கலாம். சுக்கு, மிளகு, திப்பிலி, சீரகம், ஓமம், கடுக்காய், எங்கோ ஆப்கானிஸ்தானத்திலிருந்து வந்த பெருங்காயம். கோடவுன் வாசலைக் கடக்கும்போது சுக்குத் தூசி மூக்கில் ஏறித் தும்ம வைக்கும். கொஞ்சம் தள்ளி யூதத் தெருவில், மிளகின் முன்பேர வணிகம் கூவிக் கூவி நடந்த கட்டடம். நம் அஞ்சறைப் பெட்டியில் உட்கார்ந்திருக்கும் சாமான்கள் பலவற்றுக்கு இந்தத் தெரு ஒரு காலத்துத் தாய்வீடு.

குழந்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதால் தமிழ் வீட்டில் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். முதலில் ஓமத் தண்ணீர். கேட்கவில்லையென்றால் பெருங்காயத்தைக் கரைத்துத் தொப்புளைச் சுற்றிப் பற்று. அதற்கும் அடங்காவிட்டால் குடலேற்றம் என்று முடிவுகட்டி, கைராசிக்காரப் பாட்டி ஒருத்தியிடம் தூக்கிக்கொண்டு போவார்கள். அவள் விளக்கெண்ணெய் தடவி வயிற்றை நீவிவிடுவாள். பெரும்பாலும் சரியாகிவிடும். ஓமம் செய்ததா, பாட்டியின் கை செய்ததா என்று யாரும் விசாரிப்பதில்லை. பெரும்பாலான வயிற்றுவலி, ஒன்றும் செய்யாமல் விட்டாலும் சில மணி நேரத்தில் தானாக அடங்கக்கூடியது. சமையலறை வைத்தியத்தின் பேரும் புகழும் அதில் வந்தவை. அதன் ஆபத்தும் அங்கேயே இருக்கிறது. நூறு முறை பலித்தது அடுத்த முறையும் பலிக்கும் என்று விடிய விடியக் காத்திருக்கிறோம்.

பெரியவர்களின் வலிக்கு ஆகிவந்த பெயர் வாயு. நகரத்தில் கேஸ். மருந்துக் கடையில் போய் கேஸ் என்று சொன்னால் போதும், ஜெலுசில், ஈனோ, சைக்ளோபாம் என்று கடைப்பையன் எடுத்துக் கொடுத்துவிடுவான். ஐம்பத்தைந்து வயது, சர்க்கரை வியாதி, மேல்வயிற்றில் பிசைகிற வலி, சட்டை நனைகிற வியர்வை, ஓர் ஏப்பம் வந்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை. இப்படி வீட்டு முற்றத்தில் உலாத்திக்கொண்டிருந்தவர்களில் எத்தனை பேருக்கு அடைத்துக்கொண்டது இதயத்தின் ரத்தக்குழாய் என்பதைக் கணக்கெடுத்தவர் யாரும் இல்லை. இதயத்தின் அடிப்பகுதியில் வரும் மாரடைப்பு வயிற்றுவலி வேஷம் போடும். அதனால்தான் நடுவயது தாண்டியவர் மேல்வயிற்றுவலி என்று வந்தால், வயிற்றில் கை வைக்கும் முன்பே ஈ.சி.ஜி. எடுக்கிறார்கள். வயிற்றுக்காக வந்தவனுக்கு மார்பில் எதற்கு ஒயர் ஒட்டுகிறார்கள் என்று கூட வந்தவர்கள் முணுமுணுப்பார்கள்.

திடீரென்று வரும் கடும் வயிற்றுவலியில் மருத்துவர் தீர்க்கவேண்டிய கேள்வி, என்ன நோய் என்பது அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. இன்றிரவே வயிற்றைத் திறக்கவேண்டுமா, காலைவரை பொறுக்கலாமா? இதுதான் கேள்வி. நோயின் பெயர் பிந்தி வரலாம். சில சமயம் வராமலே போகலாம். முடிவு பிந்தினால் ஆள் இல்லை. நமக்கோ பெயர்தான் அவசரமாக வேண்டியிருக்கிறது. ஒரு பெயர் கிடைத்துவிட்டால் பயம் பாதி போய்விடுகிறது. பயத்தோடு சேர்ந்து கவனமும் போய்விடுகிறது.

அனுபவப்பட்ட அறுவை மருத்துவர் கதவருகில் நிற்கும்போதே பாதி பார்த்துவிடுகிறார். நோயாளி புரள்கிறாரா, அசையாமல் கிடக்கிறாரா? சிறுநீரகக் கல் இறங்கும்போது மனிதர்கள் ஓரிடத்தில் இருக்கமாட்டார்கள். எழுந்து நடப்பார்கள், குந்துவார்கள், தரையில் உருள்வார்கள். வலி விலாவிலிருந்து தொடையிடுக்குக்கு இறங்கும். இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ புண் துளைத்துக்கொண்டவர் நேர்மாறு. மூச்சைக்கூட மேலோட்டமாக விடுவார், இருமப் பயப்படுவார், கட்டிலில் யாராவது இடித்தால் முகம் சுருங்கும். வயிற்றில் கை வைத்தால் பலகையாக இறுகியிருக்கும். வலி எப்போது தொடங்கியது என்று கேட்டால் நிமிஷத்தோடு சொல்வார்: டி.வி.யில் செய்தி முடிந்து பாட்டு போட்டபோது. கணையம் அழன்றவருக்கு வலி முதுகுக்குத் துளைத்துக்கொண்டு போகும். மல்லாக்கப் படுக்க மாட்டார், முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை. பித்தப்பைக் கல்காரருக்கு வலது தோள்பட்டைக்குக் கீழே தெறிக்கும்.

வயிற்றின் உள்ளுறுப்புகள் தம் வலியைச் சொல்வதில் மகா மோசம். குடலை அறுத்தாலும் சுட்டாலும் வலிக்காது. இழுபட்டால், முறுக்கிக்கொண்டால், ரத்த ஓட்டம் நின்றால் மட்டுமே கத்தும். அப்போதும் எங்கே என்று சொல்லாது. கருவில் குடல் உடம்பின் நடுக்கோட்டில் ஒரு குழாயாகத் தொடங்கியது. அதன் நரம்புகள் இரு பக்கத்திலிருந்தும் தண்டுவடத்துக்குள் நுழைகின்றன. ஆகவே குடல்வால் வீங்கத் தொடங்கும்போது வலி தொப்புளைச் சுற்றி, சாப்பாடு ஒத்துக்கொள்ளாதது மாதிரிதான் இருக்கும். பசியிருக்காது. ஒரு வாந்தி வரலாம். சில மணி நேரம் கழித்து, அழற்சி வயிற்றுச் சுவரின் உட்சவ்வைத் தொட்ட பிறகு, வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கி ஒற்றை விரலால் காட்டும்படி நிலைகொள்ளும். இந்த இடமாற்றம்தான் தடயம். முதல் இரண்டு மணி நேரத்தில் பார்த்த மருத்துவரும், எட்டாவது மணி நேரத்தில் பார்த்த மருத்துவரும் இரண்டு வெவ்வேறு வயிறுகளைப் பார்க்கிறார்கள். முதலில் பார்த்தவர் கோட்டைவிட்டார், பிறகு பார்த்தவர் கெட்டிக்காரர் என்று ஊர் பேசும். ஆறு மணி நேரம் அவகாசம் கிடைத்தால் எவரும் கெட்டிக்காரர்தான்.

நோய்க்கூற்றை விவரிப்பதில் நோயாளிகள் எப்போதும் மோசமில்லை. தமிழில் மிகப் புகழ்பெற்ற வயிற்றுவலி ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சமண மடத்தில் தருமசேனர் என்ற பெயரோடு இருந்தவருக்குச் சூலை வந்தது. ஐந்து நூற்றாண்டு கழித்து அதை எழுதிய சேக்கிழார், வடவைத் தீயையும் நஞ்சையும் வச்சிரத்தையும் ஒன்றுசேர்த்து அந்த வலிக்கு உவமையாக்குகிறார். கூட இருந்தவர்கள் மந்திரித்த நீரைக் குடிக்கக் கொடுத்தார்கள், மயிற்பீலியால் தடவினார்கள். வலி கூடியது. இரவோடிரவாகத் திருவதிகையிலிருந்த தமக்கை திலகவதியாரிடம் போனார். அங்கே திருநீறு கிடைத்தது, பதிகம் பிறந்தது, திருநாவுக்கரசர் கிடைத்தார். எனக்கு வியப்பு பதிகத்தின் முதல் பாட்டில் நோயாளி தரும் தகவல். வெளியே ஒன்றும் தெரியவில்லை, வயிற்றின் உள்ளே, குடலோடு சேர்த்துப் பிணைத்து ஆளை முடக்குகிறது என்கிறார். இடம், தன்மை, விளைவு, வெளியடையாளம் இல்லாமை என நான்கும் இருக்கின்றன. இன்றைய பயிற்சி மருத்துவர் எழுதும் கேஸ் ஷீட்டில் இவ்வளவு இருந்தால் பேராசிரியர் மகிழ்வார். கல்லா, கணையமா என்று ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுக்குப் பின் தேடுவது வீண் வேலை. மரபு அவருக்கு 81 வயது தருகிறது. துளை விழுந்த குடலோடு அந்தக் காலத்தில் யாரும் அவ்வளவு வாழ்ந்திருக்க முடியாது என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மட்டாஞ்சேரிக்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளத்தக்க மருத்துவ நூல் ஒன்று உண்டு. டச்சுக்காரர்களின் மலபார் ஆளுநர் வான் ரீட் தொகுப்பித்து, ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக அச்சான ‘ஹோர்த்துஸ் மலபாரிகுஸ்’. அதற்குச் செடி செடியாகத் தகவல் சொன்னவர் சேர்த்தலைப் பக்கத்து ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன். சரிபார்த்தவர்கள் கொச்சியில் குடியேறியிருந்த கொங்கணி வைத்தியர்கள் மூவர்: ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட். அவர்களின் சான்றுரையில் 1675 ஏப்ரல் 20 என்று தேதி இருக்கிறது. 700-க்கு மேற்பட்ட தாவரங்கள், வேர் எதற்கு, இலை எதற்கு, பட்டை எதற்கு என்று. வயிற்று உபாதைகளுக்கான செடிகளுக்கு அதில் குறைவில்லை. ஆனால் அது செடியிலிருந்து நோயாளிக்குப் போகும் புத்தகம். கட்டிலில் கிடப்பவரிலிருந்து புறப்படும் புத்தகத்துக்கு உலகம் இன்னும் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த வைத்தியர்கள் நோயாளியைப் பார்க்கத் தெரியாதவர்கள் என்று சொல்ல வரவில்லை. நம் சித்த மரபின் எண்வகைத் தேர்வில் நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம், நாடி, தொடுகை எல்லாம் இருக்கின்றன. நோயாளியின் குரல்கூடச் சோதனைக்கு உட்பட்டது. இல்லாதது கத்தி. வயிற்றைத் திறந்து, குடல் துளையில் கட்டெறும்பைக் கடிக்கவிட்டுத் தலையைக் கிள்ளித் தைக்கும் முறை சுஸ்ருத சம்ஹிதையில் இருக்கிறது. ஆனால் அது கைமாறி வரவில்லை. ஐரோப்பாவிலும் 1846-இல் ஈதர் மயக்கம் வரும்வரை வயிற்றைத் திறப்பது ஏறக்குறைய கொலைதான். திறக்க முடியாத காலத்தில் இன்றா நாளையா என்ற கேள்விக்கே இடமில்லை. அறிந்து என்ன செய்ய? மூலிகையும் பிரார்த்தனையும் தவிர்த்து வேறு வழியில்லாத போது, எல்லா வயிற்றுவலியும் ஒரே வயிற்றுவலியாக இருப்பதில் நஷ்டமில்லை.

கத்தி வந்தபின் எல்லாம் மாறியது. 1902 ஜூன் 26 அன்று லண்டனில் ஏழாம் எட்வர்டுக்கு முடிசூட்டு விழா. இந்தியாவிலிருந்து மன்னர்கள் கப்பலேறிப் போயிருந்தார்கள். இரண்டு நாளுக்கு முன் அவர் குடல்வால் சீழ்கட்டி, ஃபிரெடரிக் ட்ரீவ்ஸ் என்ற அறுவை மருத்துவர் கீறி வடித்தார். முடி ஆகஸ்ட் 9 அன்றுதான் ஏறியது. சக்கரவர்த்திக்கே வந்ததால் குடல்வால் அறுவைக்கு ஒரு கௌரவம் வந்துவிட்டது என்பார்கள். 1921-இல் லண்டன் அறுவை மருத்துவர் சக்கரி கோப் ஒரு சிறிய நூல் எழுதினார். திடீர் வயிற்றுவலியை முன்கூட்டியே கண்டறிவது எப்படி என்பது மட்டுமே பொருள். பதிப்பு மேல் பதிப்பாக, அவர் காலத்துக்குப் பின் வேறு கைகள் திருத்தி, நூற்றாண்டு தாண்டியும் அச்சில் இருக்கிறது. இதையெல்லாம் செய்யுளாகவும் எழுதி வைத்தவர் அவர். மாணவர்கள் மனப்பாடம் செய்ய வசதி. வைத்தியத்தைச் செய்யுளில் எழுதுவது நம் பழக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோப் விட்டுச்சென்ற விதிகளில் ஒன்று கடிகார விதி. நன்றாக இருந்த ஒருவருக்குத் திடீரென வந்த கடும் வலி ஆறு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால், அறுவை தேவைப்படும் நோய் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். மாத்திரைப் பட்டியல், மந்திரம், பாட்டி எல்லோருக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்ட கெடு ஆறு மணி நேரம். இன்னொன்று பேதி மருந்துக்கு எதிரானது. அந்தக் காலத்து மருத்துவர்கள் விளக்கெண்ணெயைச் சபித்ததில் நியாயம் இருந்தது. வீங்கிய குடல்வாலுக்கு மேலே குடலைப் பிழிந்துவிட்டால் அது வெடிப்பதற்கு வழிசெய்த மாதிரி. வெளியே தடவும் விளக்கெண்ணெய் அவ்வளவு பாவமில்லை. ஒரு வயதுக் குழந்தைக்குக் குடல் குடலுக்குள் செருகிக்கொண்டு, மலத்தில் சிவப்பாகச் சளியும் ரத்தமும் வரும்போது நீவிக்கொண்டிருப்பது பாவம்.

இன்னொரு இடத்தைச் சொல்லாமல் போகக்கூடாது. வேட்டி. தொடையிடுக்கில் வருஷக்கணக்காக வந்து வந்து போகும் குடலிறக்கத்தைச் சொல்ல வெட்கப்பட்டு, அது மாட்டிக்கொண்டு குடல் நெரிபடும்போதும் வெறும் வயிற்றுவலி என்றே சொல்லும் பெரியவர்கள் நம்மில் அதிகம். வேட்டியை இறக்கச் சொல்லாத பரிசோதனை பரிசோதனையே இல்லை. பையன்களுக்கு விதை முறுக்கிக்கொண்டாலும் வலி அடிவயிற்றில்தான் தெரியும். அங்கேயும் கெடு ஏறக்குறைய அதே ஆறு மணி நேரம். பெண்களிடம் இது வேறு மாதிரி. கருக்குழாயில் தங்கிய கரு வெடித்தால் வயிற்றுக்குள் ரத்தம் தேங்கும். அது உதரவிதானத்தை உறுத்தி வலி தோள்நுனியில் தெரியும். கடைசி மாதவிலக்கு எப்போது என்ற கேள்வியை மாமியார் பக்கத்தில் நிற்கும்போது கேட்டு உண்மையான பதிலை எதிர்பார்ப்பதில் அர்த்தமில்லை. விவரமறிந்த மருத்துவர் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கேட்பார். கேட்ட பிறகும், பதில் எதுவானாலும், சிறுநீரில் ஒரு பட்டையை நனைத்துப் பார்ப்பார். கல்யாணமாகாத பெண்ணா என்பது அந்தப் பட்டைக்குத் தெரியாது. இது அவமதிப்பு என்று சண்டைக்கு வரும் அப்பாக்கள் இருக்கிறார்கள்.

நம் நாட்டுக்கென்றே உள்ளவை வேறு. டைஃபாய்டில் மூன்றாவது வாரம் குடல் துளைப்பது லண்டன்காரர்களுக்குப் பழங்கதை. நமக்கு இன்னும் முழுதாகப் பழசாகவில்லை. குடல் காசநோய் அடைப்பு உண்டு. கள்ளுக் குடிப்பவர்களுக்கு வரும் அமீபா ஈரல் கட்டி, யாழ்ப்பாணத்து மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த நோய். எல்லாவற்றிலும் என்னை உறைய வைப்பது கட்டுவிரியன். தரையில் பாய் விரித்துத் தூங்குகிறவரை ராத்திரியில் தீண்டும். கடி வலிக்காது, பெரும்பாலும் தடமும் இருக்காது. விடியற்காலையில் ஆள் வயிற்றுவலி என்று எழுந்திருப்பார், சில சமயம் வாந்தியோடு. வயிறு மிருதுவாக இருக்கும், ஸ்கேனில் ஒன்றும் இராது. இமை லேசாகச் சரியத் தொடங்குவதை யாராவது கவனித்தால் பிழைப்பார். வயிற்றுவலிக்குக் கண்ணைப் பார்க்கச் சொல்லும் ஒரே ஊர் நம்முடையதாக இருக்கலாம்.

1972-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் டிம் டி டொம்பல் என்பவர் ஒரு கணினியை இந்த வேலைக்கு வைத்துப் பார்த்தார். 304 நோயாளிகள். அறிகுறிகளைக் கேட்டு உள்ளிட்டால் நிகழ்தகவைக் கணக்கிட்டுச் சொல்லும். கணினி 91.8 சதவீதம் சரி. அனுபவமுள்ள மூத்த மருத்துவர் 79.6. பத்திரிகைகள் இயந்திரம் மனிதனை வென்றது என்று எழுதியிருக்கும். எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்து நடந்தது. 1986-இல் எட்டு மருத்துவமனைகளில், பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளில் அதே முறையைப் பயன்படுத்திய ஆய்வு வெளியானது. முதல் கணிப்பு சரியாக இருந்தது 46 சதவீதத்திலிருந்து 65-க்கு ஏறியது. தேவையில்லாமல் வயிற்றைத் திறந்தது ஏறக்குறையப் பாதியானது. அறுவைக்கு முன்பே குடல்வால் வெடித்துவிட்டவர்களும் ஏறக்குறையப் பாதியானார்கள். கணினி செய்த மந்திரமா? கணினிக்கு ஊட்டுவதற்கு ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. எங்கே தொடங்கியது, எங்கே போனது, எதால் கூடுகிறது, எதால் குறைகிறது, பசி, வாந்தி, மலம், முன்பு அறுவை நடந்ததா. எல்லாக் கேள்வியையும் எல்லோரிடமும் கேட்டாக வேண்டும். ஒழுங்காகக் கேட்டதும், கணித்தது பலித்ததா என்று பின்னால் தெரியவந்ததுமே இளம் மருத்துவர்களைத் தேற்றின என்பது அந்த ஆய்வுக்காரர்களே ஒப்புக்கொண்டது. இப்போது செயற்கை நுண்ணறிவு வயிற்றுவலிக்குப் பதில் சொல்கிறது என்று பரவசப்படுகிறவர்கள் இந்த ஐம்பது வருஷக் கதையை ஒருமுறை படிக்கலாம்.

டி டொம்பல் பல நாடுகளில் எடுத்த கணக்கில் இன்னொன்றும் இருந்தது. கடும் வயிற்றுவலியோடு மருத்துவமனைக்கு வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் கடைசிவரை எந்த நோயும் கண்டுபிடிக்கப்படவில்லை. வலி நிஜம். வந்தது, இருந்தது, போய்விட்டது. குடல்வால் அழற்சிக்காரர்களைவிட இவர்கள் அதிகம். இவர்கள்தான் வெறுங்கையோடு வீட்டுக்குப் போக மறுப்பவர்கள். இவ்வளவு வலித்திருக்கிறது, ஒன்றுமில்லை என்கிறாரே என்ற கோபம். அந்தக் கோபத்துக்குப் பயந்து கேஸ்ட்ரைடிஸ் என்று ஒரு பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுக்கிறார்கள். அந்தச் சீட்டு அடுத்த முறை அவரைக் கொல்லலாம். அதே கேஸ்ட்ரைடிஸ்தான் என்று வீட்டிலேயே இருந்துவிடுவார்.

அவசரமாக வைத்த பெயர் தனிமனிதர்களை மட்டும் அல்ல, ஒரு கிழங்கையும் படுத்தியிருக்கிறது. மரச்சீனி. கொச்சியில் கப்பை, சேலம் பக்கம் மரவள்ளி. 1880-களின் தொடக்கத்தில் திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் ஏழைகளுக்கென்று பரப்பிய கிழங்கு. மத்திமீன் குழம்போடு சேர்ந்து பஞ்ச காலங்களில் லட்சக்கணக்கானோரைக் காப்பாற்றியது. நெய்யூரில், அப்போது திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதி, லண்டன் மிஷன் மருத்துவமனை இருந்தது. 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் போய்வந்த ஹோவர்ட் சோமர்வெல் அங்கே அறுவை மருத்துவராக அமர்ந்தார். அவர் கத்திக்கு வந்தவை பெரும்பாலும் முன்சிறுகுடல் புண்கள். ஏன் இந்த ஊரில் இத்தனை? குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் எலிகளுக்குப் பல ஊர்ச் சாப்பாட்டைப் போட்டுப் பார்த்தார். தென் திருவிதாங்கூர் ஏழையின் மரச்சீனிச் சாப்பாட்டைத் தின்ற எலிகளில் கால்வாசிக்கு மேல் வயிற்றில் புண். பஞ்சாபிச் சாப்பாடு தின்றவை சுகமாக இருந்தன. கிழங்கின் மேல் முதல் வழக்கு.

இரண்டாவது வழக்கு கணையம். 1950-களின் கடைசியிலிருந்து கேரளத்து மருத்துவர் பி. ஜே. கீவர்கீஸ் ஒரு விசித்திர நோயைப் பின்தொடர்ந்தார். ஏழை வீட்டுக் குழந்தைகள். சிறு வயதில் மீண்டும் மீண்டும் வரும் கொடிய வயிற்றுவலி. வளர்ந்ததும் சர்க்கரை வியாதி. இளமையில் சாவு. எக்ஸ்ரேயில் முதுகெலும்பை ஒட்டிக் கணையம் முழுக்கக் கல் தெரியும். குடிப்பழக்கம் கிடையாது. அந்தக் குழந்தைகள் ஒவ்வொரு முறை சுருண்டபோதும் வீட்டில் ஓமத் தண்ணீர் கொடுத்திருப்பார்கள், பூச்சி மருந்து கொடுத்திருப்பார்கள், பள்ளிக்குப் போகச் சோம்பல் என்று அடித்திருப்பார்கள். மறுபடியும் கப்பை குற்றவாளிக் கூண்டில் நின்றது. கிழங்கிலுள்ள சயனைடுச் சேர்மங்கள் கணையத்தைக் கெடுக்கின்றன என்று 1979-இல் மெக்மில்லனோடு சேர்ந்து கீவர்கீஸ் எழுதினார்.

இரண்டு வழக்கும் நிற்கவில்லை. முன்சிறுகுடல் புண்ணின் பின்னால் இருந்தது பெரும்பாலும் ஹெலிகோபாக்டர் என்ற கிருமி. 1982-இல் ஆஸ்திரேலியாவில் மார்ஷலும் வாரனும் அதை வளர்த்துக் காட்டினார்கள், 2005-இல் நோபல் வாங்கினார்கள். கணைய நோயோ கப்பையை அதிகம் தொடாத சென்னையிலும் வடக்கிலும் தென்பட்டது. 2000-களின் தொடக்கத்தில் ஸ்பிங்க்1 என்ற மரபணுவின் மாற்றம் இந்த நோயாளிகளில் பலரிடம் இருப்பது தெரிந்தது. 2008-இல் கொச்சியிலிருந்து வி. பாலகிருஷ்ணன் முன்னின்று நடத்திய நாடு தழுவிய ஆய்வில், ஆயிரத்துக்கு மேற்பட்ட நாள்பட்ட கணைய நோயாளிகளில் கீவர்கீஸ் விவரித்த பழைய வடிவம் 4 சதவீதத்துக்கும் கீழே. நோயே உருமாறிவிட்டது. கீவர்கீஸைக் குறை சொல்ல முடியாது. யாரும் பார்க்காத குழந்தைகளை அவர் பார்த்தார். ஆனாலும் ஏழைகள் தின்பதைச் சந்தேகிப்பது எல்லோருக்கும் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கிறது என்பதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

கோப் சொன்ன ஒன்று தவறிப்போனதையும் சொல்ல வேண்டும். முடிவெடுக்கும் வரை மார்ஃபின் கொடுக்காதே, வலி மறைந்தால் நோயும் மறைந்துகொள்ளும் என்றது அந்தத் தலைமுறை. அதை நம்பி முக்கால் நூற்றாண்டு நோயாளிகளைத் துடிக்க விட்டார்கள். 1990-களிலிருந்து பரீட்சித்துப் பார்த்ததில், வலிமருந்து கொடுத்தவர்களிடம் கணிப்பு கெடவில்லை; துடிப்பு நின்ற வயிற்றை இன்னும் நிதானமாகத் தொட்டுப் பார்க்கவும் முடிந்தது. ஆனாலும் மூத்த மருத்துவர் பார்க்கட்டும், அப்புறம் ஊசி என்ற குரல் நம் வார்டுகளில் இன்னும் ஒலிக்கிறது. அது வைத்தியமல்ல, பழக்கம். இதைச் சொன்னால் சில மருத்துவ நண்பர்கள் முறைப்பார்கள்.

மட்டாஞ்சேரியிலிருந்து எர்ணாகுளத்துப் பெரிய மருத்துவமனைகளுக்குப் பத்துக் கிலோமீட்டர் அளவுதான். தோப்பும்படிப் பாலத்தில் நெரிசல் இருந்தால் அந்தப் பத்து நீளும். ரோட்டுப் பள்ளங்களுக்கு ஆட்டோக்காரர்கள் பொறுப்பல்ல. 2012-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலின் கிறிஸ்துமஸ் இதழில் ஒரு ஆய்வு வந்தது. விளையாட்டு போலத் தொடங்கிய உண்மையான ஆய்வு. மருத்துவமனைக்கு வரும் வழியில் வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியபோது வலி கூடியதா என்று கேட்டார்கள். வேகத்தடை தாண்டி வந்து, குடல்வால் அழற்சி உறுதியான 34 பேரில் 33 பேர் ஆமாம் என்றார்கள். கூடவில்லை என்றால் அநேகமாகக் குடல்வால் இல்லை. இந்த ஊரில் அந்தச் சோதனையைத் தப்பித்து யாரும் ஆஸ்பத்திரி போய்ச் சேர முடியாது.

ஓர் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் இந்தக் கேள்வியை ஒருமுறை ஒரு மருத்துவர் கேட்கக் கேட்டேன். வேளிப் பக்கத்துச் சலவைத்துறையில் வேலை செய்யும் தமிழ்க் குடும்பம். மருமகளுக்கு வயிற்றுவலி, மத்தியானத்திலிருந்து. மலையாளம் கலந்த தமிழில் அந்த இளம் பெண் மருத்துவர், வரும்போது குலுக்கலில் எப்படி இருந்தது என்றார். மாமியாரை வெளியே அனுப்பிச் சிலது கேட்டார். ஊசி போட்டார், ரத்தம் எடுத்தார், ஸ்கேன் பார்த்தார். ஒன்றும் தெளிவாக இல்லை. இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி வந்து வயிற்றில் கை வைத்தார். அப்புறம் இன்னொரு முறை. மாமியாருக்குப் பொறுமை போய்விட்டது.

“டாக்டரம்மா, அப்ப இவளுக்கு என்னதான் வியாதி? அதையாவது சொல்லுங்க.”

“இப்பத் தெரியலைம்மா. ராத்திரி இங்கேயே இருக்கட்டும். காலையில திரும்பப் பார்க்கிறேன்.”

“வலி இப்பக் குறைஞ்சிருச்சுன்னு சொல்றாளே. கூட்டிட்டுப் போறோம்.”

மருத்துவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஊசியால் குறைவது வேறு, தானாகச் சட்டென்று குறைவது வேறு என்று விளக்க ஆரம்பித்தார். சீழ்கட்டிய குடல்வால் வெடிக்கும்போது உள்ளே இருந்த அழுத்தம் இறங்கி வலி நின்ற மாதிரி இருக்கும். நோயாளி எழுந்து காப்பி கேட்பார். சில மணி நேரம் கழித்து வயிறு முழுக்கச் சீழ் பரவியபின் திரும்பி வருவார். குடல் துளைத்தவர்களுக்கும் நடுவில் அப்படி ஒரு நல்ல நேரம் வரும். “இவங்களுக்கு அப்படின்னு சொல்லலை. நாளைக்கு வீட்டுக்கு அனுப்பினப்புறமும், வலி திடீர்னு போயிட்டா அதைச் சொல்றதுக்கும் வரணும்.”

மாமியார் மருமகளைப் பார்த்தார். பிறகு, துணிக்கடைப் பையிலிருந்து போர்வையை எடுத்துக்கொண்டு, ராத்திரி இங்கே கூட ஒருத்தர்தான் இருக்கலாமா, இரண்டு பேரா என்று நர்ஸிடம் விசாரிக்கப் போனார்.